நாலே நாலு பச்சை ஷேடு... மொத்த உலகத்தையும் ஆட வெச்ச குன்பெய் யோகோய்!

புதுசா ஒரு கேம் ரிலீஸ் ஆனதும் நாம முதல்ல தேடுறது என்ன? கதையை இல்லை. நம்ம மெஷின்ல அது எத்தனை எஃப்.பி.எஸ் ஓடும் என்பதைத்தான். 4கே வருமா, ரே ட்ரேசிங் ஆன் பண்ணா திணறுமா, கன்சோல் வாங்கலாமா, பி.சி அசெம்பிள் பண்ணலாமா... டீக்கடையில் ஆரம்பிச்சு டிஸ்கார்டு வரைக்கும் இதே பஞ்சாயத்துதான். டாப் கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்குற காசுக்கு ஒரு பைக்கே வந்துடும். ஆனாலும் இ.எம்.ஐ போட்டாவது வாங்கிடணும்னு மனசு கிடந்து அடிச்சுக்கும்.

இந்த ரேஸ்ல நான் ஓடவே மாட்டேன் என்று ஒதுங்கி நின்னு, கடைசியில் ரேஸையே ஜெயிச்ச ஒருத்தர் இருந்தார். அவர் உருவாக்கின மெஷின்ல கலர் கிடையாது. இருட்டில் ஸ்கிரீன் தெரியாது. அது வந்த 1989-லேயே அதை ஓல்டு டெக்னாலஜி என்று சொன்னாங்க. ஆனா அந்த மெஷினும் அதன் கலர் வாரிசும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கும் மேல வித்தது. அந்த மெஷின் கேம் பாய். அந்த மனிதர், ஜப்பானைச் சேர்ந்த குன்பெய் யோகோய்.

சீட்டுக்கட்டு கம்பெனியில் ஒரு இன்ஜினீயர்

1941 செப்டம்பர் 10-ம் தேதி, ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் பிறந்தார் யோகோய். அதே ஊரில் இருக்கும் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சார். பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலை கிடைக்கலை. சரி, உள்ளூரிலேயே இருப்போம் என்று 1965-ல் அவர் சேர்ந்த இடம்தான் நின்டெண்டோ.

இப்போ நின்டெண்டோ என்றால் மேரியோ ஞாபகம் வரும். அப்போ அது ஹனஃபுடா என்கிற ஜப்பானிய சீட்டுக்கட்டு தயாரிக்கிற கம்பெனி. 1889-ல் ஆரம்பிச்சது. அங்கே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பட்டதாரிக்கு என்ன வேலை இருக்கப்போகுது? சீட்டு அச்சடிக்கிற மெஷின்களைப் பராமரிக்கிறது. அதுவும் தினமும் ரிப்பேர் ஆகாது. பாதி நேரம் சும்மாதான் உட்காரணும்.

சும்மா உட்கார யோகோய்க்கு வரலை. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டைகளைக் கோத்து, மடக்கினா சுருங்கி, அழுத்தினா நீளுற ஒரு கையைச் செஞ்சு விளையாடிட்டு இருந்தார். தொழிற்சாலையைச் சுத்திப் பார்க்க வந்த முதலாளி ஹிரோஷி யமவுச்சி கண்ணில் அது பட்டுடுச்சு. ரூமுக்கு வரச் சொன்னார். வேலை நேரத்தில் விளையாடினதுக்குத் திட்டு நிச்சயம் என்று நினைச்சுத்தான் யோகோய் போனார். ஆனா யமவுச்சி சொன்னது வேற. அந்தக் கையைப் பொம்மையா மாத்தி விற்பனைக்குக் கொண்டு வரச் சொல்லிட்டார்.

அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் 1966-ல் வந்த அந்தப் பொம்மை 10 லட்சத்துக்கும் மேல வித்தது. மெயின்டனன்ஸ் பையன் ஒரே வருஷத்தில் கம்பெனியின் பொம்மை டிசைனர் ஆயிட்டார்.

பழைய சரக்கு, புது ஐடியா

அடுத்த பத்து வருஷத்தில் அவர் செஞ்சதைப் பார்த்தா ஒரு பேட்டர்ன் தெரியும். 1969-ல் லவ் டெஸ்டர் என்று ஒண்ணு. ரெண்டு பேர் கையைக் கோத்துக்கிட்டு, இன்னொரு கையில் ஆளுக்கு ஒரு உலோக உருண்டையைப் பிடிக்கணும். உடம்பு வழியா போற மின்சாரத்தை வெச்சு முள் நகரும். அது காட்டுறதுதான் காதலின் அளவாம்! உள்ளே இருந்தது பள்ளிக்கூட லேபில் இருக்கிற மாதிரி சாதாரண மின்னளவி. வித்தது மெஷின் இல்லை, கையைப் பிடிக்க ஒரு சாக்கு.

அப்புறம் லைட் கன். ஷார்ப் கம்பெனியின் சோலார் செல்லை விக்க வந்த மசயுகி உயெமுராவோடு பேசும்போது பிறந்த ஐடியா. கரன்ட் தயாரிக்கிற சோலார் செல்லை, வெளிச்சம் படுதா இல்லையா என்று கண்டுபிடிக்கிற குறிப்பலகையா மாத்தினாங்க. துப்பாக்கியில் இருந்து வர்ற ஒளி பட்டதும் பொம்மை சிதறி விழும். அந்த உயெமுரா பிறகு நின்டெண்டோவிலேயே சேர்ந்து ஃபேமிகாம் கன்சோலை வடிவமைச்சது தனிக் கதை.

இன்னொண்ணு செம காமெடி. ரிமோட் கார் எல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே என்றிருந்த காலம். யோகோய் உள்ளே இருந்த ரேடியோ பார்ட்ஸைக் குறைச்சுக்கிட்டே வந்தார். கடைசியில் லெஃப்டி ஆர்.எக்ஸ் என்று ஒரு கார் வந்தது. அது நேரா போகும், இடது பக்கம் திரும்பும். வலது பக்கம் திரும்பவே திரும்பாது! ஆனா வட்டமான டிராக்கில் ரேஸ் விட வலது எதுக்கு? விலை பல மடங்கு இறங்கிடுச்சு. பசங்க வாங்கிட்டாங்க.

இந்த வழிக்கு அவரே ஒரு பேர் வெச்சிருந்தார். காய்ஞ்சு உதிர்ந்த டெக்னாலஜியைப் பக்கவாட்டில் யோசிக்கிறது என்பது அதன் அர்த்தம். காய்ஞ்சது என்றால் உதவாதது இல்லை. ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருப்பதால் எல்லாருக்கும் தெரிஞ்சது, விலை குறைஞ்சது, எங்கே சொதப்பும் என்பது வரைக்கும் பழகினது. அதை யாரும் யோசிக்காத இடத்தில் கொண்டு போய் வைக்கணும். அவ்ளோதான் ஃபார்முலா.

கால்குலேட்டரைத் தட்டின அந்தப் பயணி

1970-களின் கடைசி. புல்லட் ட்ரெயினில் போயிட்டிருந்தார் யோகோய். எதிரே ஒருத்தர் பொழுது போகாமல் பாக்கெட் கால்குலேட்டரைத் தட்டி விளையாடிட்டு இருந்தார். பெரியவங்களும் பயணத்தில் விளையாடத்தான் ஆசைப்படுறாங்க. ஆனா அடுத்தவங்க பார்த்தா கூச்சம். மடியில் கை வெச்சு, வெளியே தெரியாமல் ஆடுற மாதிரி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்?

கொஞ்ச நாள் கழிச்சு, டிரைவர் லீவில் இருக்க, யமவுச்சியின் காரை யோகோயே ஓட்ட வேண்டி வந்தது. போற வழியில் இந்த ஐடியாவைச் சொன்னார். யமவுச்சி பெரிசா எதுவும் சொல்லலை. ஆனா சீக்கிரமே ஷார்ப் கம்பெனி ஆட்கள் பேச்சுவார்த்தைக்கு வந்துட்டாங்க. கால்குலேட்டர் சந்தையில் அடிதடிப் போட்டி நடந்து, எல்.சி.டி ஸ்கிரீன் மலிவாகிக் கிடந்த நேரம் அது.

1980-ல் கேம் & வாட்ச் வந்தது. அதோட கிராபிக்ஸ் எப்படித் தெரியுமா? கால்குலேட்டரில் 8 என்ற எண்ணுக்கு ஏழு கோடுகள் இருக்கும் இல்லையா, தேவையான கோடு மட்டும் கறுப்பாகும். அதே டெக்னிக். கோடுக்குப் பதிலா, ஒரு ஆள் கையைத் தூக்குற படம், இறக்குற படம் என்று முன்கூட்டியே வரைஞ்சு வெச்சிருப்பாங்க. ஒண்ணு அணைஞ்சு இன்னொண்ணு எரிஞ்சா அந்த ஆள் நகர்ற மாதிரி தெரியும். பிக்சல் என்ற பேச்சே கிடையாது. மொத்தம் 4 கோடிக்கும் மேல வித்தது.

உங்க கட்டைவிரலுக்குக் கீழே இருப்பது அவர் டிசைன்

1981-ல் அமெரிக்காவில் ரேடார் ஸ்கோப் என்ற ஆர்கேடு கேம் படுத்துடுச்சு. விக்காத மெஷின்கள் சுமார் 2,000 குடோனில் கிடந்தது. அதே மெஷின்ல ஓடுற மாதிரி வேற கேம் செய்ற பொறுப்பு ஒரு இளைஞருக்குப் போச்சு. மேற்பார்வை யோகோய். அந்த இளைஞர் ஷிகெரு மியாமோட்டோ. அந்த கேம் டாங்கி காங். அதில் துள்ளிக் குதிச்சவர்தான் பிறகு மேரியோ ஆனார்.

அந்த டாங்கி காங்கை 1982-ல் கேம் & வாட்ச்சுக்குள் கொண்டு வரணும். ஆர்கேடு மெஷின் மாதிரி ஜாய்ஸ்டிக் வெச்சா, மடிக்கிற மெஷின்ல அது முட்டிக்கிட்டு நிக்கும். நாலு திசைக்கு நாலு பட்டன் வெச்சா, எது எங்கே இருக்கு என்று ஒவ்வொரு முறையும் குனிஞ்சு பார்க்கணும். யோகோய் கூட்டல் குறி வடிவத்தில் ஒரே பட்டன் வெச்சார். கண்ணை ஸ்கிரீனில் இருந்து எடுக்காமல், விரலே திசையைக் கண்டுபிடிக்கும். அதுதான் டி-பேட். அடுத்த வருஷம் ஃபேமிகாம் கன்சோலுக்குப் போச்சு. நம்ம ஊர் 90ஸ் கிட்ஸ் டி.வி-யில் சொருகி ஆடின வீடியோ கேம் ரிமோட்டிலும் அதே கூட்டல் குறிதான். இன்னிக்கு உங்க கன்ட்ரோலரைத் திருப்பிப் பாருங்க, இடது பக்கம் இருக்கும்.

உதவாத கேம் என்று சிரிச்சாங்க

அடுத்த கனவு, கேசட் மாத்தி மாத்தி ஆடுற கையடக்கக் கன்சோல். யோகோயும் அவர் டீமின் சதோரு ஒகாடாவும் அதில் இறங்கினாங்க. எடுத்துக்கிட்ட ஹார்டுவேரைக் கேட்டா இன்னிக்கு சிரிப்பு வரும். சுமார் 4.19 மெகாஹெர்ட்ஸ் 8 பிட் ப்ராசஸர். 8 கேபி ரேம். ஆமாம், கேபி. 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட ஸ்கிரீன். கலர் கிடையாது, நாலு ஷேடு மட்டும்.

ஆனா சிக்கல் வேற இடத்தில் வெடிச்சது. சேம்பிள் ஸ்கிரீனை முதலாளி யமவுச்சி கையில் கொடுத்தப்போ அவர் கண்ணுக்கு எதுவும் சரியா தெரியலை. கொஞ்சம் சாய்ச்சா படம் மறைஞ்சுடுது. இதை எப்படி விக்கிறது என்று நிறுத்தச் சொல்லிட்டார். ஷார்ப் ஏற்கெனவே இந்த ஸ்கிரீனுக்காகப் பணத்தைக் கொட்டியிருந்த நேரம். ப்ராஜெக்ட் நின்னா பழி மொத்தமும் யோகோய் தலையில். சோறு தண்ணி இறங்கலை மனுஷனுக்கு. கடைசியில் வேற வகை எல்.சி.டி-க்கு மாறி, பல கோணத்தில் இருந்தும் படம் தெரியுற அளவுக்குக் கொண்டு வந்து தப்பிச்சாங்க.

கம்பெனிக்குள்ளேயே கேலி ஓடுச்சு. மெஷினின் கோடு டி.எம்.ஜி. அதில் வர்ற முதல் எழுத்துகளை வெச்சு, உதவாத கேம் என்று அர்த்தம் வர்ற மாதிரி ஜப்பானிய மொழியில் பட்டப்பேர் வெச்சாங்க. 1989 ஏப்ரல் 21-ம் தேதி, 12,500 யென் விலையில் கேம் பாய் கடைக்கு வந்தது.

கலரா? அப்போ கவலை இல்லை!

அதே வருஷம் அட்டாரியின் லிங்க்ஸ் வந்தது. அடுத்த வருஷம் சேகாவின் கேம் கியர். ரெண்டுமே கலர். ரெண்டுமே பின்னால் லைட் எரியுற ஸ்கிரீன். பக்கத்தில் வெச்சா கேம் பாய் கறுப்பு வெள்ளை டி.வி மாதிரி இருக்கும். போட்டிக் கம்பெனி கலர் மெஷின் கொண்டு வருது என்று கேள்விப்பட்டதும் யோகோய் பதற்றப்படலையாம், நிம்மதி ஆயிட்டாராம்.

ஏன்? லைட்டும் கலரும் பேட்டரியைக் குடிக்கும் என்று அவருக்குத் தெரியும். கேம் கியருக்கு 6 பேட்டரி போட்டா 3 முதல் 5 மணி நேரம். கேம் பாய்க்கு 4 பேட்டரி, 10 மணி நேரத்துக்கு மேல ஓடும். பாக்கெட் மணியில் பேட்டரி வாங்குற பையனுக்கு இது கிராபிக்ஸைவிடப் பெரிய விஷயம். அமெரிக்காவில் லிங்க்ஸ் சுமார் 180 டாலர், கேம் பாய் சுமார் 90 டாலர். அதோடு டெட்ரிஸ் கேம் ஃப்ரீ. கட்டை விழுந்து அடுக்குறதுக்குக் கலர் எதுக்கு? ஸ்கிரீனில் வேகமா எது நகர்ந்தாலும் இழுவும் என்ற குறையும் டெட்ரிஸில் பெரிசா தெரியலை. மெஷினின் பலவீனம் எதையும் தொடாத கேம் அது.

குறையே சில நேரம் டிசைன் ஆச்சு. யோகோய் டீமின் மெட்ராய்டு கேமில், ஹீரோயின் சாமஸ் புது கவசம் போட்டா டிரஸ் கலர் மாறும். 1991-ல் அதன் ரெண்டாம் பாகம் கேம் பாய்க்கு வந்தப்போ கலரே இல்லையே, எப்படிக் காட்டுறது? தோள்பட்டையைப் பெரிய உருண்டையா வரைஞ்சாங்க. 4கே காலத்திலும் சாமஸுக்கு அந்த உருண்டைத் தோள்தான் அடையாளம்.

வளைகுடாப் போரில் குண்டு வெடிப்பில் வெந்து உருகின ஒரு கேம் பாய், ஸ்விட்ச் போட்டதும் ஓடுச்சு. நியூயார்க்கில் இருக்கும் நின்டெண்டோ கடையில் அதைப் பல வருஷம் பார்வைக்கு வெச்சிருந்தாங்க. 1996-ல், மெஷினுக்கு ஏழு வயசு ஆகி, இனி அவ்ளோதான் என்று நினைச்ச நேரத்தில் போகிமான் வந்தது. ரெண்டு கேம் பாயை ஒயரில் இணைச்சு போகிமானை மாத்திக்கலாம். பவரே இல்லாத அந்த மெஷின் மறுபடி உயிர் பெற்றது.

சிவப்பா வந்த சறுக்கல்

இவ்ளோ ஜெயிச்சவர் தோத்ததையும் சொல்லணும். 1995 ஜூலையில் வந்த வெர்ச்சுவல் பாய். இன்னிக்கு நாம வி.ஆர் என்று சொல்றதை அப்போவே செய்ய ஆசைப்பட்டார். இங்கேயும் அதே ஃபார்முலாதான். சிவப்பு எல்.இ.டி மலிவு, கரன்ட்டும் கம்மி. ஒவ்வொரு கண்ணுக்கும் 224 எல்.இ.டி ஒரே வரிசையில். எதிரே வேகமா ஆடுற ஒரு கண்ணாடி, அந்த ஒத்தை வரிசையை இழுத்து முழுப் படமா காட்டும். ரெண்டு கண்ணுக்கும் கொஞ்சம் வேற வேற படம். முப்பரிமாணம் ரெடி.

பேப்பரில் அற்புதம். நிஜத்தில்? தலையில் மாட்டுற ஐடியா, பாதுகாப்புக் கவலையால் மேஜையில் ஸ்டாண்டு வெச்சுக் குனிஞ்சு பார்க்கிறதா சுருங்கிடுச்சு. கழுத்து வலிச்சது. கறுப்புப் பின்னணியில் வெறும் சிவப்புக் கோடுகளைப் பார்த்துப் பார்த்துத் தலைவலி வந்ததாக நிறைய பேர் சொன்னாங்க. ஆடுறவரைத் தவிர பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது, அதனால் கடையில் பார்த்து ஆசைப்படவும் வழியில்லை. வந்ததே மொத்தம் 22 கேம். உலகம் முழுக்க சுமார் 7.7 லட்சம்தான் வித்தது. ஒரு வருஷம்கூடத் தாங்கலை.

மலிவான பழைய டெக்னாலஜி எடுத்தா போதும், ஜெயிச்சுடலாம் என்று இல்லை. கேம் பாயில் அவர் விட்டுக்கொடுத்தது கலரை. வெர்ச்சுவல் பாயில் விட்டுக்கொடுத்தது ஆடுறவரின் உடம்பு சுகத்தை. கலர் இல்லாமல் விளையாடலாம், தலைவலியோடு விளையாட முடியாது.

ஒரே ஒரு பேட்டரி

1996 ஆகஸ்ட்டில், 31 வருஷத்துக்கு அப்புறம் நின்டெண்டோவை விட்டு விலகினார். வெர்ச்சுவல் பாய் தோல்விதான் காரணம் என்று ஊரே பேசினது. முன்னாடியே போட்டிருந்த திட்டம் என்பது அவர் தந்த விளக்கம். போறதுக்கு முன்னாடி, கேம் பாயை இன்னும் மெலிசாக்கின கேம் பாய் பாக்கெட்டை முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் போனார்.

கியோட்டோவிலேயே கோட்டோ என்ற சின்ன கம்பெனி ஆரம்பிச்சார். பண்டாய் நிறுவனத்துக்காக ஒண்டர்ஸ்வான் என்ற கையடக்க மெஷின் வேலை தொடங்குச்சு. மறுபடி கறுப்பு வெள்ளைதான். ஆனா இந்த முறை ஒரே ஒரு பேட்டரி போதும். படுக்கையாவும் பிடிக்கலாம், செங்குத்தாவும் பிடிக்கலாம்.

அதை அவர் கடையில் பார்க்கலை. 1997 அக்டோபர் 4-ம் தேதி, இஷிகாவா மாகாணத்தில் ஹொகுரிகு விரைவுச் சாலையில் அவர் போன கார் முன்னால் இருந்த வண்டியில் மோதிடுச்சு. என்ன ஆச்சு என்று பார்க்கக் கீழே இறங்கினவர் மேல வேற ஒரு கார் மோதினது. 56 வயசு. 1999 மார்ச்சில் ஒண்டர்ஸ்வான் 4,800 யென் விலைக்கு வந்தப்போ, கூடவே வந்த ஒரு புதிர் கேமுக்கு அவர் பேரையே வெச்சிருந்தாங்க, குன்பே என்று.

அவர் விட்டுட்டுப் போன கேள்வி

2006-ல் நின்டெண்டோ வீ கன்சோலைக் கொண்டு வந்தப்போ பவரில் அது பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ரெண்டுக்கும் ரொம்பக் கீழே. ஆனா கையை வீசி டென்னிஸ் ஆடலாம். 10 கோடிக்கு மேல வித்தது. 2017-ல் வந்த ஸ்விட்ச்சில் இருந்தது ஏற்கெனவே சந்தைக்கு வந்துட்ட மொபைல் சிப். யோகோய் இறந்து இத்தனை வருஷம் ஆகியும் அவர் கணக்குத்தான் ஓடுது.

இதுக்காக நல்ல கிராபிக்ஸ் தேவையே இல்லை என்று சொல்ல வரலை. ஒரு திறந்த உலக கேமில் மழைக்கு நடுவே வெளிச்சம் தரையில் பிரதிபலிக்கிறதைப் பார்க்கிற சுகம் தனி. ஆனா பி.ஜி.எம்.ஐ வெறித்தனமா ஆடுறவங்களைக் கவனிச்சிருப்பீங்க. கிராபிக்ஸை ஸ்மூத்தில் இறக்கிட்டு, ஃப்ரேம் ரேட்டை மட்டும் ஏத்தி விடுவாங்க. அழகை விட்டுக்கொடுத்து ஆட்டத்தை எடுத்துக்கிறாங்க. அவங்களுக்கே தெரியாமல் அவங்க யோகோய் கட்சி!

அடுத்த முறை புது கார்டு, புது கன்சோல் என்று விலையைப் பார்த்து மனசு அலைபாயும்போது, ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்க. இந்த மெஷின்ல எத்தனை பிக்சல் வரும் என்பதை அப்புறம் பார்க்கலாம். இதுல நான் என்ன ஆடப்போறேன்? அதுக்குப் பதில் தெரிஞ்சா, எவ்ளோ செலவு பண்ணணும் என்பதும் தெரிஞ்சுடும்.